பல்கலைக்கழக மாணவர் மின்னஞ்சல்: வளாகத்திலிருந்து மேகத்துக்கு

பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்களுக்கான மின்னஞ்சலைச் சொந்தக் கணினி மையத்தில் நடத்துவதை நிறுத்தி, கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களின் மேகக் கணிமைச் சேவைக்கு மாற்றிய நிகழ்வு 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அது கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் எனப் பல நாடுகளுக்குப் பரவியது. முகவரியில் பல்கலைக்கழகத்தின் பெயர் அப்படியே இருந்தது. அதனால் பல மாணவர்களுக்கு இது உள்நுழையும் திரை மாறியதாக மட்டுமே தெரிந்தது. கணினி வரலாற்றில் இதற்கு அதைவிடப் பெரிய இடம் உண்டு. இணைய அஞ்சலை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்டவை. தாமே ஆக்கி உலகுக்கு இலவசமாகக் கொடுத்த ஒரு பணியை, அதே பல்கலைக்கழகங்கள் பிறரிடமிருந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்தன. அந்த இலவசத்துக்கு உரிய விலை பின்னர்தான் தெரிந்தது.

கல்விக்கூடத்தில் பிறந்த அஞ்சல்

1965இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் ஆகிய இருவர், ஒரே பெருங்கணினியைப் பகிர்ந்துகொண்ட பயனர்கள் ஒருவருக்கொருவர் குறிப்பு விட்டுச்செல்ல ஒரு கட்டளையை எழுதினர். கடிதம் அந்தக் கணினியை விட்டு வெளியே போகவில்லை. 1971இல் ரே டாம்லின்சன் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தவரும் அவரே. அவர் பணியாற்றியது பிபிஎன் என்ற தனியார் நிறுவனத்தில். அதன்பின் நடந்த வேலையின் பெரும்பகுதி பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தது.

இதில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்குத் தனி இடம் உண்டு. 1970களின் இறுதியில் அங்கு இங்கிரெஸ் என்னும் தரவுத்தள ஆய்வுத் திட்டத்தின் கணினிக்கு ஆர்ப்பாநெட் இணைப்பு இருந்தது. அந்தக் கணினியில் தங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தனர். முனையங்களோ மிகச் சில. திட்டத்தில் பணியாற்றிய எரிக் ஆல்மன், அவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது அஞ்சல் மட்டுமே என்பதைக் கண்டுகொண்டார். வளாகத்தின் உள் வலையமைப்புக்கும் ஆர்ப்பாநெட்டுக்கும் இடையே கடிதங்களைக் கைமாற்றும் டெலிவர்மெயில் என்ற நிரலை எழுதினார். அதன் அடுத்த வடிவமே செண்ட்மெயில். 1983 முதல் பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்போடு அது வெளிவந்தது. 1980களிலும் 1990களிலும் இணையத்தில் அஞ்சலைச் சுமந்த மென்பொருள்களில் அதற்கு ஈடானது வேறில்லை.

மற்ற வளாகங்களும் தம் பங்கைச் செய்தன. கணினிகள் ஒன்றோடொன்று கடிதம் பரிமாறிக்கொள்ளும் விதிமுறையான எஸ்எம்டிபி 1982இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் ஜான் போஸ்டலால் தொகுக்கப்பட்டது. கடிதங்களை வழங்கியிலேயே வைத்துக்கொண்டு எந்தக் கணினியிலிருந்தும் படிக்க வழிசெய்யும் ஐமேப் முறையை 1986இல் ஸ்டான்போர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். பைன் என்னும் அஞ்சல் நிரல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய நிரலுக்கு எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியின் நினைவாக யூடோரா என்று பெயர். அந்த எழுத்தாளரின் சிறுகதை ஒன்று அஞ்சல் நிலையத்தில் வாழும் ஒரு பெண்ணைப் பற்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிச் சேவை மையத்தில் பிலிப் ஹேசல் 1995இல் எழுதிய எக்சிம் இன்றும் உலகெங்கும் ஏராளமான வழங்கிகளில் ஓடுகிறது.

இந்தியாவிலும் தொடக்கம் இதேபோல்தான். 1986இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய எர்நெட் வலையமைப்பில் சென்னை உட்பட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பங்கேற்றன. நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கும் முன்பே அந்த வளாகங்களில் மின்னஞ்சல் புழங்கியது.

அஞ்சல் வளாக வாழ்க்கையோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதற்கு அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 1980களின் இறுதியில் பிளிட்ஸ்மெயில் என்ற அஞ்சல் அமைப்பைக் கல்லூரியே எழுதிக்கொண்டது. வளாகத்தின் கூடங்களில் பொதுக் கணினிகள் வைக்கப்பட்டிருந்தன. வகுப்புக்குப் போகும் வழியில் நின்று கடிதம் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். கடிதம் எழுதுவதற்கே அங்கு “பிளிட்ஸ்” என்று பெயர் ஏற்பட்டது. வேறெங்கும் புரியாத அந்த வினைச்சொல் ஒரு தலைமுறை மாணவரின் அன்றாடப் பேச்சில் இருந்தது.

நிரம்பிய பெட்டி

1990களின் நடுப்பகுதிக்குப் பின் எல்லா மாணவருக்கும் ஒரு முகவரி என்பது நடைமுறையானது. கட்டண அறிவிப்பு, தேர்வு அட்டவணை, நூலக நினைவூட்டல் எல்லாம் அதன் வழியே வந்தன. ஆராய்ச்சியாளர் சிலருக்கான வசதியாகத் தொடங்கியது இருபதாயிரம், நாற்பதாயிரம் பேருக்கான பொதுச் சேவையாகிவிட்டது. அதை நடத்திய குழு மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை.

இங்கே ஒரு தொழில்நுட்ப நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பாப் முறையில் கடிதங்கள் பயனரின் கணினிக்கு இறங்கியதும் வழங்கியிலிருந்து அழிந்துவிடும். சொந்தக் கணினி உள்ளவருக்கு அது பொருந்தும். மாணவரோ காலையில் ஆய்வகத்திலும் மாலையில் நூலகத்திலும் இரவில் விடுதியிலும் வெவ்வேறு கணினிகளில் அமர்பவர். கடிதம் வழங்கியிலேயே இருந்தால்தான் அவருக்குப் பயன். ஆகவே ஐமேப்பும் வலைவழி அஞ்சலும் வந்தன. சேமிப்பின் சுமை முழுவதும் பல்கலைக்கழகத்தின் வட்டுகளில் விழுந்தது. மாணவர் ஒருவருக்குச் சில பத்து மெகாபைட் என்று அளவு வைத்தார்கள். நான்கைந்து படங்கள் இணைப்பாக வந்தால் பெட்டி நிரம்பிவிடும். அதன்பின் வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப்போகும்.

2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் தன் ஜிமெயிலை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் 1 ஜிகாபைட் இடம். அப்போது ஹாட்மெயில் தந்தது 2 மெகாபைட், யாகூ தந்தது 4 மெகாபைட். நாளைப் பார்த்துப் பலர் அதை ஏப்ரல் முட்டாள் வேடிக்கை என்றே நினைத்தனர். அது வேடிக்கையில்லை என்று தெரிந்ததும் வளாக அஞ்சலின் நிலை தர்மசங்கடமானது. கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவருக்குக் கல்லூரி தருவதைவிட, ஒரு காசும் தராத வெளியாளுக்குக் கூகுள் தருவது பலமடங்கு பெரிதாக இருந்தது.

மாணவர்கள் தாமே வழி கண்டார்கள். யூனிக்ஸ் கணக்கு உள்ள எவரும் தம் கோப்பகத்தில் “.forward” என்ற சிறு கோப்பை வைத்து, அதில் வேறொரு முகவரியை எழுதிவிட்டால் போதும். செண்ட்மெயில் அவருக்கு வரும் கடிதங்களையெல்லாம் அங்கே திருப்பிவிடும். இப்படித் திருப்பப்பட்டவற்றில் எரிதங்களும் இருந்தன. 2000களின் நடுவில் உலக அஞ்சல் போக்குவரத்தின் பெரும்பகுதி எரிதம்தான். அவை பல்கலைக்கழக வழங்கி வழியாகப் போய்ச் சேர்ந்ததால், பெறும் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தையே எரிதம் அனுப்புபவராகக் கணக்கிட்டு அதன் கடிதங்களைத் தடுத்து வைத்தன. மாணவர் வசதிக்காகச் செய்த ஏற்பாடு பேராசிரியரின் கடிதத்தையும் முடக்கியது. எரிதம் வடிகட்டுவதே தனித் தொழிலாகிவிட்ட அந்த நாளில், மேகத்துக்கு மாறும் முடிவைச் சோம்பல் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது.

2006

2006 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சான் ஜோஸ் சிட்டி கல்லூரியில் கூகுள் ஒரு சோதனையைத் தொடங்கியது. மாணவர்களுக்குக் கல்லூரியின் பெயரிலேயே முகவரி. அதன் பின்னால் இயங்குவது ஜிமெயில். ஆகஸ்டு மாதத்தில் இச்சேவை எல்லா ஆள்களப் பெயர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அக்டோபரில் கல்வி நிறுவனங்களுக்கான பதிப்பு வந்தபோது, ஏறத்தாழ 65,000 மாணவர் கொண்ட அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய ஆண்டிலேயே லைவ்@எடு என்ற பெயரில் மாணவர் அஞ்சல் சேவையைத் தொடங்கியிருந்தது. அது பின்னர் 2012இல் கல்விக்கான ஆபீஸ் 365 ஆயிற்று.

இரு நிறுவனங்களும் கல்விக்கூடங்களிடம் பணம் கேட்கவில்லை. மாணவரின் பெட்டியில் விளம்பரமும் காட்டுவதில்லை என்றார்கள். பதினெட்டு வயதில் ஒரு சேவைக்குப் பழகியவர் வேலைக்குப் போன பின்பும் அதையே நாடுவார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது மறைக்கப்பட்ட கணக்கும் அன்று. மாணவராக இருக்கும்போதே தம் பொருளைப் பழக்கிவிடுவது மென்பொருள் வணிகத்தின் பழைய வழக்கம்.

ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகம் 2007இல் மாணவர்களை ஜிமெயிலுக்கு மாற்றியது. ஊழியரை மாற்றும் முடிவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்தே வந்தது. முதலில் மாணவர், பின்னர் ஆசிரியர் என்ற இந்த வரிசை பல இடங்களில் திரும்ப வந்தது. மாணவர் கணக்குகள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் நாட்காட்டி, கூட்ட ஏற்பாடு போன்ற சிக்கல்கள் குறைவு என்பது நிர்வாகங்கள் சொன்ன காரணம். மாணவருக்கு இதைப் பற்றி வழக்காட ஒரு தொழிற்சங்கமோ ஒப்பந்தமோ இல்லை என்பதும் உண்மை.

மாற்றம் நடந்த முறை

முகவரி மாறாமல் அஞ்சல் மட்டும் எப்படி இடம் மாறும்? ஒவ்வோர் ஆள்களப் பெயருக்கும் இணையத்தின் பெயர்ப் பதிவேட்டில் எம்எக்ஸ் என்னும் பதிவு உண்டு. “இந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை இந்த வழங்கியிடம் கொடுங்கள்” என்பதே அதன் பொருள். அதில் பல்கலைக்கழக வழங்கியின் பெயரை நீக்கி நிறுவனத்தின் வழங்கியை எழுதிவிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் உலகம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் புதிய இடத்துக்குப் போகும். ஊரில் வீட்டு எண்ணை மாற்றாமல், தபால்காரரிடம் மட்டும் வேறு வீட்டைச் சொல்லிவைப்பது போன்றது இது.

அந்த ஒரு வரிக்கு முன்னும் பின்னும்தான் உண்மையான வேலை. மாணவர் பட்டியலைப் புதிய சேவையோடு நாள்தோறும் ஒத்திசைக்க வேண்டும்: சேர்ந்தவருக்குக் கணக்குத் திறப்பது, விலகியவரின் கணக்கை நிறுத்துவது, பெயர் மாற்றிக்கொண்டவரின் முகவரியைத் திருத்துவது. கடவுச்சொல்லை நிறுவனத்திடம் கொடுக்க விரும்பாத பல்கலைக்கழகங்கள் ஒற்றை உள்நுழைவு முறையை அமைத்தன. பழைய கடிதங்களை ஐமேப் வழியாக ஒவ்வொன்றாக நகலெடுத்தார்கள். புதிய சேவை ஒரு நாளில் இவ்வளவுதான் ஏற்கும் என்று வரம்பு வைத்திருந்ததால் அது வாரக்கணக்கில் நீளும். சில பல்கலைக்கழகங்கள் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று புதிதாகச் சேர்பவரை மட்டும் மேகத்தில் சேர்த்து, பழையவர்கள் பட்டம் பெற்றுப் போகும்வரை பொறுத்திருந்தன.

“மேகம்” என்ற சொல் இந்த இடத்தில் சற்று ஏமாற்றுகிறது. கடிதங்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஒரிகான் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் டேல்ஸ் என்ற சிற்றூரில் கூகுள் 2006இல் திறந்த தரவு மையம். 2011 பிப்ரவரி இறுதியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயில் பயனரில் ஒரு சிறு பகுதியினரின் பெட்டிகள் வெறுமையாயின. பல மையங்களில் இருந்த நகல்களையும் அந்தப் பிழை பாதித்திருந்தது. கடைசியில் காந்த நாடாக்களில் இருந்த பிரதியிலிருந்துதான் கடிதங்களை மீட்டார்கள்.

மறுப்புகள்

முதல் பெரிய சட்டப் பூசல் கனடாவில் எழுந்தது. ஒன்டாரியோ மாநிலத்தின் லேக்ஹெட் பல்கலைக்கழகம் 2006இன் இறுதியில் கூகுள் சேவைக்கு மாறியது. கடிதங்கள் அமெரிக்க நிறுவனத்திடம் போனதால், 2001ஆம் ஆண்டின் பேட்ரியட் சட்டத்தின்கீழ் அமெரிக்க அரசு அவற்றைக் கேட்டுப் பெற முடியும் என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு இருந்தது. மாணவரின் மதிப்பெண் போன்ற தனிப்பட்ட விவரங்களை இந்த அஞ்சலில் அனுப்ப வேண்டாம் என்று அவர்களுக்கு அறிவுறுத்தும் அளவுக்கு நிலைமை போனது. மதிப்பெண்ணை அனுப்ப முடியாத பல்கலைக்கழக அஞ்சல் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆசிரியர் சங்கம் கூட்டு ஒப்பந்தம் மீறப்பட்டதாக முறையிட்டது. 2009இல் நடுவர் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். மின்னஞ்சலின் அந்தரங்கம் அஞ்சலட்டையின் அந்தரங்கத்துக்கு மேற்பட்டதன்று என்ற ஒப்புமை அந்த வழக்கையொட்டிப் பரவலாகப் பேசப்பட்டது.

2010இல் யேல் பல்கலைக்கழகம் ஜிமெயிலுக்கு மாறும் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. கூகுள் ஒரே தரவை உலகின் பல மையங்களில் பிரித்து வைக்கிறது, எந்த நாட்டில் என்பது தெரியாது என்று அங்குள்ள கணினித்துறைப் பேராசிரியர்கள் கேள்வி எழுப்பினர். அதே பிப்ரவரியில் கூகுள் வெளியிட்ட பஸ் என்னும் சமூகச் சேவை, பயனர் யாரோடு அதிகம் கடிதம் எழுதுகிறார் என்பதை அவர் அறியாமலேயே பிறருக்குக் காட்டிவிட்டுக் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகமும் அந்த ஆண்டில், ஆசிரியர், அலுவலர்களுக்கான ஜிமெயில் முன்னோட்டத்தை நிறுத்தியது. கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பயனரின் ஒப்புதலின்றி மூன்றாமவரிடம் தரக்கூடாது என்ற பல்கலைக்கழக விதியோடு இது பொருந்துமா என்பதே அங்கு கேள்வி.

யேல் அடுத்த ஆண்டே மாணவர்களை மாற்றத் தொடங்கியது. டார்ட்மத்தும் ஏறத்தாழ அதே சமயத்தில் பிளிட்ஸ்மெயிலைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் சேவையை ஏற்றது.

பெர்க்லி, 2011

செண்ட்மெயில் பிறந்த பெர்க்லியில் கால்மெயில் என்ற பெயரில் வளாக அஞ்சல் நடந்துவந்தது. கூகுளா, மைக்ரோசாஃப்டா என்ற ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 2011 நவம்பர் இறுதியில் கால்மெயிலின் சேமிப்புக் கருவிகள் பழுதாகின. பருவத் தேர்வுகள் நெருங்கும் வேளை. அஞ்சல் நாட்கணக்கில் தடுமாறியது. கைவிடப்போகும் அமைப்புக்குப் புதிய வட்டுகள் வாங்குவது வீண் செலவு என்று நினைத்துத் தள்ளிப்போடும் நிலை இத்தகைய இடைக்காலத்தில் எங்கும் வருவதுதான்.

டிசம்பரில் பெர்க்லி கூகுளைத் தேர்ந்தெடுத்தது. இரு சேவைகளையும் அம்சம் அம்சமாக ஒப்பிட்ட தன் மதிப்பீட்டை வெளிப்படையாகவும் வெளியிட்டது. கூகுளுக்கு மாறுவது விரைவில் முடியும் என்பது அதில் முக்கியமான காரணம். எரிந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து வெளியேறுபவர் கதவின் அழகைப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்த ஒப்பீட்டு அட்டவணையை வெளியிட்டதற்காகப் பெர்க்லியைப் பாராட்ட வேண்டும். பொதுவாக இத்தகைய முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதற்கு மாணவர் பார்க்கக்கூடிய ஆவணம் கிடைப்பது அரிது.

கடிதத்தைப் படித்தவர் யார்

அமெரிக்காவில் மாணவரின் கல்விப் பதிவுகளை 1974ஆம் ஆண்டின் பெர்பா சட்டம் காக்கிறது. பதிவுகளை வெளியாருக்குக் கொடுக்க மாணவரின் ஒப்புதல் தேவை. 2008 இறுதியில் திருத்தப்பட்ட விதிகள், பல்கலைக்கழகத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் பணிசெய்யும் ஒப்பந்ததாரரையும் “பள்ளி அலுவலர்” என்ற வகையில் சேர்த்துக்கொள்ள வழிவிட்டன. இதன்படி அஞ்சல் நிறுவனம் சட்டத்தின் பார்வையில் கல்லூரி அலுவலர் ஆகலாம். பல்லாயிரம் கல்லூரிகளுக்குச் சேவை தரும் ஒரு நிறுவனம் ஒரு கல்லூரியின் “நேரடிக் கட்டுப்பாட்டில்” எப்படி இருக்க முடியும் என்பது எளிதில் விடை கிடைக்கும் கேள்வியன்று.

2013, 2014 ஆண்டுகளில் ஜிமெயில் மீதான வழக்கு ஒன்று சான் ஜோஸ் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்தது. மாணவர் அஞ்சல் சோதனை தொடங்கிய அதே நகரம். வழக்காடியவர்களில் கல்லூரி மாணவரும் இருந்தனர். மாணவர் கணக்குகளில் விளம்பரம் காட்டப்படாதபோதும் அவர்களின் கடிதங்கள் தானியங்கி முறையில் துருவப்பட்டது அப்போது வெளிப்பட்டது. 2014 ஏப்ரல் 30 அன்று, கல்விக் கணக்குகளில் விளம்பர நோக்கிலான துருவலை முற்றிலும் நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. 2016இல் பெர்க்லி மாணவர் சிலர் அந்தக் கால நடைமுறைக்காக வழக்குத் தொடுத்தனர். பின்னர் பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் அதில் இணைந்தனர்.

அரசின் கை நீள்வதிலும் ஒரு பழைய முடிச்சு இருந்தது. 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம், வழங்கியில் 180 நாட்களுக்கு மேல் கிடக்கும் கடிதத்தை நீதிமன்றப் பிடியாணை இல்லாமலே விசாரணையாளர் பெற இடம் தந்தது. பாப் முறை வழங்கிய காலத்தில் எழுதிய சட்டம் அது: ஆறு மாதம் யாரும் எடுக்காத கடிதம் கைவிடப்பட்டதாகவே இருக்கும் என்ற நினைப்பு. எல்லாக் கடிதமும் ஆண்டுக்கணக்கில் வழங்கியிலேயே இருக்கும் நிலை வந்தபோது அந்த நினைப்பு தலைகீழானது. 2010 டிசம்பரில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வார்ஷாக் வழக்கில், கடிதத்தின் உள்ளடக்கத்துக்குப் பிடியாணை வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனங்கள் நாடு முழுவதும் அதையே தம் நடைமுறையாக்கிக்கொண்டன.

எம்எக்ஸ் பதிவுகள் எல்லோரும் பார்க்கக்கூடியவை என்பதால், எந்தப் பல்கலைக்கழகம் எங்கே போனது என்பதை வெளியிலிருந்தே எண்ண முடியும். அவ்வாறு எண்ணி 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பெரிதும் மேகத்துக்குப் போய்விட்டதையும், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகியவற்றில் அது குறைவாக இருப்பதையும் காட்டியது. தொழில்நுட்பம் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. ஆகவே மேகத்துக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அந்நாளில் சொல்லப்பட்டதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

இலவசத்தின் எல்லை

2014 செப்டம்பரில் கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற சேமிப்பிடம் அறிவித்தது. பழைய பெட்டி அளவுகளை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது நம்பமுடியாத கொடை. ஆய்வுத் தரவு, விரிவுரைக் காணொளி, பழைய மாணவரின் கோப்புகள் எல்லாம் அங்கே குவிந்தன. எதையும் அழிக்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. “வாழ்நாள் முகவரி” என்று பட்டதாரிகளுக்கு வாக்களித்த பல்கலைக்கழகங்களும் உண்டு.

2021 பிப்ரவரியில் அறிவிப்பு மாறியது. இலவசச் சேவையில் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட். அஞ்சலும் கோப்புகளும் அதற்குள் அடங்க வேண்டும். ஏற்கெனவே உள்ளவர்களுக்கு 2022 ஜூலை முதல் நடைமுறை. 50,000 பேர் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு இதைப் பிரித்தால் ஆளுக்கு 2 ஜிகாபைட் வரும். 2004இல் எவரோ ஒருவருக்குக் கூகுள் கொடுத்தது 1 ஜிகாபைட். மேற்கொண்டு இடம் வேண்டுமானால் கட்டணப் பதிப்பு இருந்தது. மைக்ரோசாஃப்டும் 2023இல் இதேபோல் நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற அடிப்படை அளவை அறிவித்தது.

மீண்டும் வளாகத்துக்குத் திரும்பலாமே என்று கேட்கத் தோன்றும். அஞ்சல் வழங்கியை நடத்தத் தெரிந்தவர்கள் பல வளாகங்களில் ஓய்வு பெற்றுவிட்டனர் அல்லது வேறு பணிக்குப் போய்விட்டனர். வட்டுகளும் எரிதம் வடிகட்டிகளும் இல்லை. அதற்கும் மேலாக, உலகின் அஞ்சல் பெட்டிகள் சில நிறுவனங்களிடம் குவிந்தபின், புதிய சிறு வழங்கி ஒன்றின் கடிதத்தை அவை ஏற்பதே நிச்சயமில்லை. அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய முறைகள் எரிதத்தைக் குறைத்தது உண்மை. விதிகளை எந்த அளவுக்கு இறுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் இடம் மட்டும் பல்கலைக்கழக ஆய்வகங்களிலிருந்து அந்த நிறுவனங்களுக்குப் போய்விட்டது.

ஆகவே பல பல்கலைக்கழகங்கள் குறைப்பதையே வழியாகக் கொண்டன. நடப்பு மாணவருக்கு அளவு வைத்தார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு, இந்த நாளுக்குள் உங்கள் கடிதங்களைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள், அதன்பின் கணக்கு இராது என்று அறிவிப்புப் போனது. வேலை விண்ணப்பம், வங்கி, வேறு தளங்களின் கடவுச்சொல் மீட்பு எனப் பலவற்றுக்கும் அந்த முகவரியையே கொடுத்திருந்தவர்கள் ஒவ்வோர் இடமாகப் போய் மாற்ற வேண்டியிருந்தது. சில பல்கலைக்கழகங்கள் பெட்டியை மூடினாலும் முகவரியை விட்டுவைத்து, வரும் கடிதத்தைப் பட்டதாரி சொல்லும் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுகின்றன. அது அந்நாளைய “.forward” கோப்பு செய்த அதே வேலை. திருப்பப்பட்ட கடிதம் உண்மையான அனுப்புநரின் வழங்கியிலிருந்து வராததால் எஸ்பிஎஃப் சோதனையில் தவறிவிடுகிறது. அவற்றில் ஒரு பகுதி இன்றும் எரிதப் பெட்டியில்தான் போய் விழுகிறது.